பிரேக் மாஸ்டரும் பச்சை அட்டைத் தாய்ச்சியும்

டிரைவிங் ஸ்கூலில் அவரை எல்லோரும் பிரேக் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஓட்டக் கற்றுக்கொடுக்கிற காரில், சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொள்ளும்போது வண்டியை நிறுத்துவதற்காக வைத்தது. மற்ற மாஸ்டர்கள் அதை எப்போதாவது மிதிப்பார்கள். இவர் மிதித்துக்கொண்டே இருப்பார். முன்னால் போகிற லாரி நிற்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போதே இவர் கால் இறங்கிவிடும். "அவர்கிட்ட கத்துக்கிட்டா லைசென்ஸ் நிச்சயம். கழுத்துச் சுளுக்கும் நிச்சயம்" என்று பழைய மாணவர்கள் புதியவர்களிடம் சொல்வதுண்டு.

ஆனால் அவர் உட்கார்ந்த கார் ஒரு தடவைகூட எதன்மேலும் மோதியதில்லை. முதலாளிக்கு அது போதும்.

தொல்லை என்னவென்றால், காரை விட்டு இறங்கின பிறகும் அந்தக் கால் வேலையை விடவில்லை. பஸ்ஸில் போனால் முன் சீட்டின் கம்பியை மிதித்தது. டிவியில் எவனாவது வண்டியை வேகமாக ஓட்டினால் சோபாவுக்கு முன்னால் இருந்த டீப்பாயை உதைத்தது. தூக்கத்தில் மனைவியின் கணுக்காலைப் பதம் பார்த்தது. அவர் மனைவி துணிக்கடை ஒன்றில் ஆல்டரேஷன் வேலை பார்ப்பவர். பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, கிழிந்ததைத் தெரியாமல் தைப்பது. நாள் முழுக்க மெஷினை மிதிக்கிற காலுக்கு வீட்டிலும் மிதி விழுந்தால் எப்படி இருக்கும்?

"கனவுலகூடவா யாரோ வண்டியைக் கொண்டுபோய் மோதுறாங்க?" என்றார் ஒரு நாள் காலையில், கணுக்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே.

"தெரியலம்மா. கால்தான் பார்க்குது. நான் பார்க்கலை."

இடுப்பு வலித்தது. தோள்கள் இரண்டும் மெல்ல மெல்ல ஏறிக் காதுக்குப் பக்கத்தில் குடிவந்திருந்தன. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்புல ஒண்ணும் இல்ல. கொஞ்சம் தளர்வா இருங்க" என்றார்.

"தளர்வா இருக்கணும்னா என்ன பண்ணணும் டாக்டர்?"

டாக்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். "விறைப்பா இல்லாம இருக்கணும்" என்றார்.

அந்த வாரத்தில்தான் புத்தகம் வந்தது. லைசென்ஸ் பரீட்சையில் தேறி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன ஒரு கப்பல் கம்பெனி குமாஸ்தா அதைப் பின் சீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார். போன் பண்ணியபோது, "வேணாம் மாஸ்டர், நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு ஒண்ணும் புரியலை" என்று சொல்லிவிட்டார். பச்சை அட்டை. உள்ளே தொளதொள சட்டை போட்ட ஒரு ஆள் ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு மாதிரி நின்றுகொண்டிருந்தார். தாய்ச்சி என்ற சீன அகக்கலையைத் தானே கற்றுக்கொள்வது எப்படி என்று சொல்லும் புத்தகம். தமிழில்தான் இருந்தது. ஆனால் எங்கிருந்தோ பல ஊர் மாறி நடந்தே வந்து சேர்ந்த தமிழ் மாதிரி களைத்துப்போயிருந்தது.

மனைவி அட்டையைப் பார்த்தார். "தாய்ச்சியா? உங்க ஒன்றுவிட்ட சித்தி பேரு மாதிரி இருக்கு."

"சண்டைக்கலையாம்."

"சண்டை போடுற மூஞ்சியா இது? பஸ்ஸுக்கு நிக்கிறவர் மாதிரி நிக்கிறார்."

முதல் பக்கத்தைத் திறந்தார் மாஸ்டர். 'தகுந்த ஆசான் இன்றி இக்கலையைத் தொடங்காதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குப் பிறகு ஆசான் இல்லாமல் எப்படிக் கற்றுக்கொள்வது என்று புத்தகம் முழுக்கச் சொல்லியிருந்தது. அவருக்குத் தலை சுற்றியது. 'புத்தகத்தைப் படிச்சு எவனும் வண்டி ஓட்டினதில்லை' என்று தினமும் மாணவர்களிடம் சொல்கிற வாய் அவருடையது. மூடி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் அடுத்த பக்கத்தில் ஒரு வரி கண்ணில் பட்டுவிட்டது: 'பலத்தைப் பயன்படுத்தாதீர், எண்ணத்தைப் பயன்படுத்துக. உடல் முழுதும் தளர்ந்திருக்கட்டும்.'

டாக்டர் சொன்ன அதே சொல். டாக்டர் அதைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இங்கே அதற்கு ஒரு புத்தகமே இருக்கிறது. மாஸ்டர் டீப்பாயை ஓரமாகத் தள்ளிவிட்டு ஹாலின் நடுவில் நின்றார்.

முதல் பாடம் சும்மா நிற்பது. முழங்காலை லேசாக மடக்கி, பெரிய பானையைக் கட்டிப்பிடித்தது போல் கைகளை வளைத்து நிற்க வேண்டும். தலையுச்சியில் ஒரு நூல் கட்டி மேலேயிருந்து தொங்கவிட்டது போல் இருக்க வேண்டும். அதே சமயம் உடம்பு மண்ணுக்குள் இறங்க வேண்டும். மூச்சு தொப்புளுக்குக் கீழே போய்ச் சேர வேண்டும். அங்கே போன மூச்சை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று சொல்லவில்லை. மாஸ்டர் தொங்கினார், இறங்கினார், மூச்சைத் தேடினார். தொடை நடுங்க ஆரம்பித்தது. 'நடுக்கம் நல்ல அறிகுறி' என்றது புத்தகம். இரண்டு பக்கம் தள்ளி, 'நடுக்கம் ஏற்பட்டால் தவறாக நிற்கிறீர்கள்' என்றும் இருந்தது.

கல்லூரியில் படிக்கும் மகள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "அப்பா, யாரைக் கட்டிப்பிடிக்கிறீங்க?"

"பானை."

"காலியாவா, தண்ணியோடவா?"

அதுவும் புத்தகத்தில் இல்லை.

நிற்பதைத் தாண்டியதும் ஆட்டம் வந்தது. வெள்ளைக் கொக்கு சிறகு விரிப்பது, குதிரைப் பிடரியைப் பிரிப்பது, மேகம் போல் கைகளை அலையவிடுவது என்று ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு பெயர். 'கடலடியில் ஊசி' என்ற இடத்தில் அவர் குனிந்து கையைத் தரைக்குக் கொண்டுபோனபோது மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "குனிஞ்சதுதான் குனிஞ்சீங்க, என் கத்திரிக்கோல் சோபாவுக்கு அடியில இருக்கான்னு பாருங்க" என்றார். இருந்தது.

ஹால் நீளமில்லை. ஆட்டம் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டே இருந்ததால் மேகக்கைகள் எப்போதும் ஃப்ரிட்ஜில் முடிந்தன. அதனால் அவர் டிரைவிங் ஸ்கூலின் பயிற்சி மைதானத்துக்கு மாறினார். காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்னால், ஆரஞ்சு நிறக் கூம்புகளுக்கு நடுவில், ஒரு கையில் புத்தகமும் மறு கையில் கொக்குச் சிறகுமாக நின்றார். காற்றில் பக்கம் புரண்டுவிட்டால் கொக்கு பாதியில் குதிரையாகிவிடும்.

எவ்வளவு முயன்றாலும் ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை. எழுத்தில் 'இடது காலை முன்வை' என்றிருக்கும். படத்தில் அந்த ஆள் வலது காலை வைத்திருப்பார். அடுத்த படத்தில் எழுத்தும் காலும் சரியாக இருக்கும். அதற்கடுத்ததில் மறுபடி மாறும். தான்தான் முட்டாள் என்று நினைத்துக்கொண்டார். மகள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காபி டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து படங்களைப் புரட்டிவிட்டுச் சொன்னாள்.

"அப்பா, இந்த ஆளோட மச்சத்தைப் பாருங்க."

பார்த்தார். கன்னத்தில் மிளகு மாதிரி ஒரு மச்சம். ஒரு பக்கத்தில் இடது கன்னத்தில் இருந்தது. அடுத்த பக்கத்தில் வலது கன்னத்துக்குப் போயிருந்தது.

"அச்சடிக்கிறப்போ பாதிப் படத்தைத் திருப்பிப் போட்டுட்டாங்க" என்றாள்.

"எந்தப் பாதி?"

அங்கேதான் சிக்கல். அந்த ஆளுடைய மச்சம் உண்மையில் எந்தக் கன்னத்தில் என்று தெரிந்தால்தானே எந்தப் படம் சரி என்று தெரியும்? எழுத்தை வைத்து முடிவு செய்யலாம் என்றால், நடுக்கத்தைப் பற்றி இரண்டு விதமாகச் சொன்ன எழுத்து அது. அட்டைப்படத்தில் வலது. ஆனால் அட்டையை மட்டும் சரியாக அச்சடித்திருப்பார்கள் என்று என்ன நிச்சயம்? மனைவி ஒரு யோசனை சொன்னார்: பீரோக் கண்ணாடிக்கு முன்னால் புத்தகத்தைக் காட்டினால் தப்பான படமெல்லாம் சரியாகத் தெரியும். காட்டினார்கள். தப்பானது சரியாயிற்று, சரியானது தப்பாயிற்று, கூடவே மூன்று பேரும் கண்ணாடியில் தெரிந்தார்கள். அதற்குப் பிறகு சாப்பாட்டு மேஜையில் சோற்றை எந்தக் கையால் எடுக்கிறோம் என்பதில்கூட மாஸ்டருக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது.

இன்னொரு புத்தகம் இருந்தால் தெளிவாகிவிடும் என்று பொது நூலகத்துக்குப் போனார். ஒன்று கிடைத்தது, சிவப்பு அட்டை. அவர் வாழ்க்கையில் செய்த தவறுகளில் அது பெரியது என்று பின்னால் சொல்லிக்கொண்டார். கை ஏறும்போது மூச்சை இழு என்றது பச்சை. மூச்சைப் பற்றி நினைக்கவே நினைக்காதே என்றது சிவப்பு. உடம்பைத் தளரவிடு என்றது பச்சை. தளர்வது வேறு, துவள்வது வேறு, துவள்வது ஒரு நோய் என்றது சிவப்பு. தான் தளர்ந்திருக்கிறோமா துவண்டிருக்கிறோமா என்று கண்டுபிடிக்க முயன்றதில் தோள் இன்னும் விறைத்துக்கொண்டது.

இரண்டு புத்தகமும் ஒத்துப்போனது ஒரே இடத்தில். இதைத் தனியாக மட்டும் கற்க முடியாது, கூட ஒரு ஆள் வேண்டும். இருவர் எதிரெதிரே நின்று மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டவைத்து மெதுவாகச் சுற்ற வேண்டும். தள்ளக் கூடாது, விலகவும் கூடாது. மற்றவர் என்ன செய்யப்போகிறார் என்பதை அந்தத் தொடுகையிலேயே அறிய வேண்டும். 'தோலால் கேள்' என்று போட்டிருந்தது.

"வாயால சொன்னதையே கேக்க மாட்டீங்க. இப்ப தோலால கேக்கப் போறீங்களா?" என்றார் மனைவி. ஆனாலும் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு எழுந்து வந்தார்.

முதல் நாட்களில் அது சிரிப்பில் முடிந்தது. மனைவி லேசாகக் கையை நீட்டினாலே இவர் வலது கால் 'தொம்' என்று தரையை மிதிக்கும். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, ஏதாவது உடைந்துவிட்டதா என்று கேட்டார். பிறகு எப்படியோ பழகியது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம், பேசாமல், இரண்டு பேரும் ஹாலில் நின்று கைகளைச் சுற்றுவார்கள். மனைவியின் விரல் நுனியில் ஊசி குத்திக் குத்தித் தடித்திருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார். ஒரு நாள் மனைவி இருமப் போகிறார் என்பது இருமலுக்கு முன்பே அவருக்குத் தெரிந்தது. சொன்னார்.

"எல்லாருக்கும் தெரியும். முகத்தைப் பார்த்தா தெரியும்" என்றார் மனைவி.

"நான் கண்ணை மூடியிருந்தேன்."

மனைவி சுற்றுவதை நிறுத்தவில்லை. கையையும் எடுக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பேக்கரிக்கார அம்மா வண்டி கற்றுக்கொள்ள வந்தார். கணவருக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே போனதால் கடையின் வேனை இனி அவர்தான் ஓட்டியாக வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர். பரீட்சை அதிகாரியைப் பார்த்தாலே கை கால் உதறி, போன தடவைகளில் எல்லாம் தோற்றுவிட்டுத்தான் இந்த ஸ்கூலுக்கு வந்திருந்தார். பிரேக் மாஸ்டரிடம் வந்தால் உயிருக்காவது பயமில்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

கிடங்குத் தெருவின் கடைசியில் ஒரு சுவர் உண்டு. அங்கே போய் வண்டியைத் திருப்புவது வழக்கமான பயிற்சி. அன்று மதியம் அந்த அம்மா நன்றாகத்தான் ஓட்டிவந்தார். சுவருக்குக் கொஞ்ச தூரத்தில் மாஸ்டர், "மெதுவாக்குங்க" என்றார். மெதுவாக்க வேண்டிய கால் தவறிப்போய் ஆக்ஸிலேட்டரை அமுக்கியது. கார் சீறியது. சுவரில் இருந்த 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்ற எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பெரிதாகி வந்தன.

மாஸ்டரின் கால் அசையவில்லை.

அவர் பிற்பாடு பல பேரிடம் பல விதமாக இதைச் சொல்லிப் பார்த்தார். சீட்டின் வழியாக, முதுகின் வழியாக, என்னவோ ஒன்று வந்தது. பக்கத்தில் இருக்கும் மனுஷி பிரேக் போடப் போகிறார் என்று அது சொன்னது. மனைவியின் இருமல் தெரிந்ததைப் போலவே. மாஸ்டர் பயப்படவில்லை. உட்கார்ந்திருந்தார். கார் ஒரு குலுக்கலோடு நின்றது. என்ஜின் அணைந்தது. பம்பருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையலாம், அவ்வளவுதான்.

அந்த அம்மா கதவைத் திறந்து இறங்கி, தெரு ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாஸ்டர் காருக்குள்ளேயே உட்கார்ந்து சிரித்தார். தோள்கள் இரண்டும் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இறங்கியிருந்தன. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக.

அந்தச் சந்தோஷத்தை உள்ளே வைத்துக்கொண்டிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. தன் வாயால் கெடுகிற தவளையின் கதை அவருக்கும் தெரியும். ஆனால் ஆபீஸுக்கு வந்ததும் எல்லோர் முன்னாலும், "நான் பிரேக் போடலை!" என்றார்.

முதலாளி இளைஞர். அப்பா நடத்திய ஸ்கூலை எடுத்து நடத்துபவர். மாஸ்டர் மேல் மரியாதை உள்ளவர். டீயைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னீங்க மாஸ்டர்?"

"சுவர் பக்கத்துல வந்துடுச்சு. நான் பிரேக்கைத் தொடவே இல்லை. அவங்களே போடுவாங்கன்னு எனக்குத் தெரிஞ்சது."

"எப்படித் தெரிஞ்சது?"

"சீட்டு வழியா."

முதலாளி சுற்றிலும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. "மாஸ்டர், நான் உங்களை அங்கே உட்கார வைக்கிறதே பிரேக் போடத்தான். நீங்க சீட்டு வழியா ஏதோ கேட்டுக்கிட்டு இருந்தா, நாளைக்கு யார் வீட்டுக்கு நான் போய் என்ன பதில் சொல்றது?"

அதில் நியாயம் இருந்தது. அதுதான் மாஸ்டருக்குக் கஷ்டமாக இருந்தது. கலையில் ஒரு படி ஏறியிருக்கிறோமா, தொழிலில் ஒரு படி இறங்கியிருக்கிறோமா? இரண்டும் ஒரே படியாக இருக்க முடியுமா? பச்சை அட்டையைப் புரட்டினார். காரைப் பற்றி ஒன்றும் இல்லை.

மறுநாள் முதல் அவரை வகுப்பறையில் போட்டார்கள். சாலை விதிகள் பாடம். காந்தம் ஒட்டிய பொம்மைக் கார்களைப் பலகையில் நகர்த்திக் காட்ட வேண்டும். புத்தகத்தைப் பார்த்து வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற வேலை! மாணவர்களைப் பார்த்து நிற்கும்போது அவருடைய இடது அவர்களுக்கு வலது. "இடது பக்கம் திரும்புறோம்" என்று சொல்லிக் கையைக் காட்டினால் பாதிப் பேர் ஒரு பக்கமும் பாதிப் பேர் மறுபக்கமும் பார்த்தார்கள். மச்சக்காரரின் நிலைமை அவருக்கு அப்போது புரிந்தது.

மாதங்கள் போயின. ஒரு நாள் பேக்கரிக்கார அம்மா கை நிறைய பன் பாக்கெட்டுகளோடு ஆபீஸுக்குள் வந்தார். வேறொரு மாஸ்டரிடம் கற்று முடித்துப் பரீட்சையில் தேறிவிட்டார். கடை வேனை அவரே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியிருந்தார், கொஞ்சம் கோணலாக. எல்லோருக்கும் பன் கொடுத்துவிட்டு மாஸ்டரிடம் வந்தபோது கண் கலங்கியது.

"அன்னைக்கு அந்தச் சுவர்கிட்ட நீங்க மட்டும் பிரேக் போடலைன்னா, இன்னைக்கு நான் இங்க நிக்க மாட்டேன் மாஸ்டர்."

மாஸ்டர் பன்னை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். "நானா? நீங்கதானேம்மா போட்டீங்க?"

"நானா! ஐயோ, எனக்கு ரெண்டு காலும் அந்தரத்துல இருந்துச்சு. கண்ணை இறுக்கி மூடிட்டேன். நீங்க போட்டீங்கன்னு இல்ல நினைச்சேன்!"

வாசலில் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"என்ஜின் அணைஞ்சுதுன்னு சொன்னீங்கல்ல? பயத்துல கால் ரெண்டையும் எடுத்தப்போ கிளட்சும் பட்டுனு விட்டிருக்கும். அதுல என்ஜின் திணறியே வண்டி நின்னிருக்கலாம்" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஆனா அந்த வேகத்துல அப்படி நிக்குமான்னு எனக்கே சந்தேகம்தான். நீங்க உங்களுக்கே தெரியாம மிதிச்சிருப்பீங்க. உங்களைத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

அன்றிரவு மாஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த அம்மா பிரேக் போடவில்லை என்றால், சீட்டு வழியாக வந்தது என்ன? தானே போட்டிருந்தால், போடவில்லை என்று ஊரெல்லாம் சொன்னது என்ன? காலைக் கேட்க முடியுமா? கால் வழக்கம்போல மேஜைக்கு அடியில் சும்மா இருந்தது.

"யாராவது தெரிஞ்சவங்களைப் போய்க் கேளுங்க. புத்தகத்தை இனிமே கேக்காதீங்க" என்றார் மனைவி. அவரே துணிக்கடைக்கு வரும் ஒரு வாடிக்கையாளரிடம் விசாரித்து, பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு விளையாட்டுக் கூடத்தில் சனிக்கிழமைகளில் தாய்ச்சி சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். கூடவே போனார், துணைக்கு.

வெள்ளைத் தாடி வைத்த யாரையோ மாஸ்டர் எதிர்பார்த்திருந்தார். வந்தது முப்பது வயதுகூட நிரம்பாத பெண். அவள் அம்மா வழியில் தலைமுறையாகக் குடும்பத்தில் வந்த கலை. தலைமுடியை ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டே, "தெரிஞ்சதைச் செஞ்சு காட்டுங்க சார்" என்றாள்.

மாஸ்டர் செய்தார். கொக்கு, குதிரை, மேகம், ஊசி. அந்தப் பெண் முதலில் நேராக நின்று பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால் போய் நின்று பார்த்தாள்.

"இதை வலதுலயும் செய்யலாம், இடதுலயும் செய்யலாம்" என்றாள் கடைசியில். "ரெண்டையும் ஒரே ஆட்டத்துல கலந்து செய்யறவரை இப்பதான் பார்க்கிறேன்."

மாஸ்டர் மச்சத்தைப் பற்றிச் சொன்னார். அவள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மன்னிப்புக் கேட்டாள். அவர் சுவரின் கதையையும் சொன்னார், ஒன்று விடாமல். மனைவி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் கேக்கிறது இதுதான் டீச்சர். அன்னைக்கு எனக்கு நிஜமாவே கேட்டுச்சா? இல்ல, அசந்துட்டேனா?"

அவள் நன்றாக யோசித்தாள். "எனக்குக் கார் ஓட்டத் தெரியாது சார்" என்றாள்.

"பரவாயில்ல. உங்க கலைப்படி?"

"எங்க கலைப்படி, கேட்டவர் நீங்க. எனக்கு எப்படித் தெரியும்?" மணிக்கட்டை நீட்டினாள். "வாங்க, பார்ப்போம்."

மணிக்கட்டுகள் ஒட்டின. அவள் கை தண்ணீரில் மிதக்கிற இலை மாதிரி இருந்தது. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்றே தெரியவில்லை. மாஸ்டர் காது, தோல், முதுகு எல்லாவற்றையும் தீட்டிக்கொண்டு கேட்டார். அவள் ஒரு துளி முன்னால் வந்தாள்.

'தொம்!' கூடத்தின் மரத்தரை அதிர்ந்தது. அந்தப் பக்கம் ஷட்டில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வலது கால், வஞ்சகமில்லாமல், முழு பலத்தோடு மிதித்திருந்தது.

மாஸ்டர் தன் காலையே பார்த்தார். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது, சிரிப்பும் வந்தது. எது என்று தீர்மானிக்க முடியவில்லை.

"நிக்கிறதுல இருந்து ஆரம்பிக்கலாம்" என்றாள் அந்தப் பெண். பெஞ்சைப் பார்த்து, "அம்மா, நீங்களும் வாங்க. சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க" என்றாள்.

அப்படித்தான் இரண்டு பேரும் சனிக்கிழமைகளில் போக ஆரம்பித்தார்கள். மனைவிக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. அவர் எதையும் படித்திருக்கவில்லை, சொன்னதைச் செய்தார். மாஸ்டருக்குப் புதிதாகக் கற்றதைவிடப் பழையதை மறப்பதே பெரும்பாடாக இருந்தது. உடம்பில் பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று, டீச்சர் ஒன்று என மூன்று பேர் குடியிருந்தார்கள். தூக்கத்தில் உதைப்பது குறைந்தது என்று மனைவி சொன்னார். நின்றே போயிற்றா என்று கேட்டால், "நான் இப்ப அசந்து தூங்கிடறேன். உதைச்சா தெரியறதில்லை" என்றார். தோள் சில நாள் இறங்கியது, சில நாள் ஏறியது. டாக்டரிடம் அவர் மறுபடி போகவில்லை.

மழைக்காலம் முடியும் சமயத்தில் இன்னொரு மாஸ்டர் திடீரென்று வேலையை விட்டுப் போனார். முதலாளி பிரேக் மாஸ்டரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கார்ச்சாவி மேஜைமேல் இருந்தது. முதலாளியின் கை அதன்மேல் இருந்தது.

"மாஸ்டர், உங்களை மறுபடி வண்டியில அனுப்பணும். ஒரே ஒரு கேள்வி. பிரேக் போடுவீங்களா?"

"போடுவேன்."

"எப்ப போடுவீங்க?"

"தேவைப்படுறப்ப."

"தேவைப்படுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாஸ்டர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அவருக்கு வரவில்லை. "முன்னாடி தெரியும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். "இப்ப நிஜமாவே தெரியலை தம்பி."

வெளியே வராந்தாவில் ஓட்டக் கற்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். முதலாளி ஒரு பெருமூச்சு விட்டுச் சாவியைத் தள்ளினார்.

வங்கியில் வேலை பார்க்கும் ஒரு உயரமான ஆள்தான் முதலில் வந்தார். சீட்டைப் பின்னால் தள்ளி, கண்ணாடியைத் திருத்தி, பெல்ட்டைப் போட்டு, வண்டியைக் கிளப்பினார். கேட்டைத் தாண்டித் தெருவில் ஏறியதுமே என்ஜின் அணைந்தது. பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. அந்த ஆளுக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

"சாரி மாஸ்டர், சாரி."

"அவன் அடிக்கட்டும். நீங்க மெதுவாக் கிளப்புங்க" என்றார் மாஸ்டர், குனிந்து தன் காலை ஒரு தடவை பார்த்துவிட்டு.